பின்பால்: ஒரு சென்ட் ஆட்டத்திலிருந்து 20,000 டாலர் எந்திரம் வரை

பின்பால் என்பது, கண்ணாடியால் மூடப்பட்ட சாய்வான பலகையில் எஃகுக் குண்டை ஓடவிட்டு, அது கீழே உள்ள பள்ளத்தில் விழுந்துவிடாமல் காத்துப் புள்ளிகள் சேர்க்கும் எந்திர விளையாட்டு ஆகும். இந்தியாவில் பெரும்பாலோர் இதைக் கணினித் திரையில்தான் பார்த்திருப்பார்கள். விண்டோஸ் எக்ஸ்பி வரையிலான கணினிகளில் இருந்த 'ஸ்பேஸ் கேடட்' என்ற ஆட்டம், உண்மையான பின்பால் எந்திரத்தைப் பார்த்துச் செய்த நகலே. உண்மையான எந்திரத்தின் தாயகம் அமெரிக்காவின் சிகாகோ நகரமும் அதன் சுற்றுப்புறமும் ஆகும்.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் பல நகரங்களில் பின்பால் திருவிழாக்கள் நடைபெறுகின்றன. புதிய எந்திரங்கள் அங்கே பொதுமக்கள் முன் வைக்கப்படுகின்றன. அண்மைக் காலத்தில் அந்த அரங்குகளில் ஆட்டத்தைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு விலையைப் பற்றியும் பேசப்படுகிறது. ஏழைகளின் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒரு விளையாட்டு, வசதி படைத்தோரின் சேகரிப்புப் பொருளாக மாறிய வரலாறு அந்தப் பேச்சுக்குப் பின்னால் உள்ளது.

எந்திரத்தின் அமைப்பு

ஒரு பின்பால் எந்திரம் ஏறத்தாழ 115 கிலோ எடை கொண்டது. ஆடும் பலகை இக்காலத்தில் சுமார் 6.5 பாகை சாய்வில் அமைக்கப்படுகிறது. குண்டின் விட்டம் 27 மில்லிமீட்டர், எடை சுமார் 80 கிராம். ஆடுபவர் சுருள்வில் பொருத்திய தண்டை இழுத்து விட்டால் குண்டு மேலே பாயும். அது தடைகளில் மோதிக் கீழே உருண்டு வரும்போது, பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தி, பிளிப்பர் எனப்படும் இரு சிறு துடுப்புகளால் மீண்டும் மேலே தட்டிவிட வேண்டும். பலகைக்கு அடியில் உள்ள மின்காந்தச் சுருள்களே துடுப்புகளை இயக்குகின்றன.

ஓர் எந்திரத்தில் ஏறத்தாழ 3,500 உறுப்புகளும், அரை மைல் நீளத்திற்கு மின்கம்பிகளும் இருக்கும். இவற்றில் பெரும்பகுதியை மனிதக் கைகளே பொருத்துகின்றன. ஆண்டுதோறும் விலை குறைந்து வந்த தொலைக்காட்சியையும் கணினியையும் போலப் பின்பால் எந்திரம் மலிவாகாமல் போனதற்கு இதுவே முதற்காரணம். இதை நினைவில் கொண்டால் பின்னர் வரும் விலைக் கணக்கு எளிதில் விளங்கும்.

தோற்றம்

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் பகாட்டெல் என்ற மேசை விளையாட்டு பரவியிருந்தது. ஆணிகள் அறைந்த பலகையில் கோலால் குண்டைத் தள்ளிக் குழிகளில் விழச்செய்வது அதன் முறை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வாழ்ந்த மாண்டேகு ரெட்கிரேவ் 1871-ஆம் ஆண்டில் அந்த விளையாட்டில் சில திருத்தங்கள் செய்து காப்புரிமை பெற்றார். கோலுக்குப் பதிலாகச் சுருள்வில் தண்டைக் கொண்டு குண்டை ஏவும் முறை அவற்றுள் முதன்மையானது. அந்தத் தண்டு இன்றும் பின்பால் எந்திரத்தின் அடையாளமாக உள்ளது.

ஒரு சென்ட் காலம்

1929-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை வீழ்ந்து, பெருமந்தம் என்னும் பொருளாதார நெருக்கடி தொடங்கியது. வேலையிழந்தோர் கோடிக்கணக்கில் பெருகினர். அந்தச் சூழலில் 1931-ஆம் ஆண்டு சிகாகோவில் டேவிட் காட்லீப் 'பாஃபிள் பால்' என்ற எந்திரத்தை வெளியிட்டார். கடை மேசைமேல் வைக்கக்கூடிய சிறு பெட்டி அது. மின்சாரம் தேவையில்லை. பிளிப்பர்களும் கிடையா. ஒரு சென்ட் நாணயம் போட்டால் சில குண்டுகள் கிடைக்கும். கையில் காசில்லாதவருக்கும் எட்டும் மகிழ்ச்சியாக அது அமைந்தது.

'பாஃபிள் பால்' எந்திரத்தின் விலை 17.50 டாலர். 50,000-க்கும் மேற்பட்ட எந்திரங்கள் விற்பனையாயின. அதை வாங்கி விற்றுவந்த ரேமண்ட் மலோனி, தேவைக்கேற்ற அளவில் எந்திரங்கள் கிடைக்காததால் தாமே 'பாலிஹூ' என்ற எந்திரத்தைத் தயாரித்தார். புகழ்பெற்ற பாலி நிறுவனம் அதன் பெயரிலிருந்தே பிறந்தது.

இங்கே ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆட்டத்திற்கு ஒரு சென்ட் வீதம் 17.50 டாலரைத் திரும்பப் பெற 1,750 ஆட்டங்கள் போதும். ஆட்கள் நாள் முழுவதும் வந்து போகும் ஒரு கடையில் இது சில வாரங்களில் முடியக்கூடியது. எந்திரத்தை வாங்கியவர் ஒரு கடைக்காரர். ஆடியவர் தெருவில் போகிறவர். வாங்குபவரும் ஆடுபவரும் வேறு வேறாக இருந்த இந்த ஏற்பாடு அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

சூதாட்டம் என்ற பழி

1930-களில் மின்சாரம் எந்திரத்திற்குள் வந்தது. எந்திரத்தை அளவுமீறி ஆட்டினால் ஆட்டத்தை நிறுத்திவிடும் 'டில்ட்' என்ற அமைப்பை ஹாரி வில்லியம்ஸ் உருவாக்கினார். ஆனால் ஆடுபவரின் திறமைக்கு இடம் இன்னும் குறைவாகவே இருந்தது. குண்டை ஏவிவிட்டு அது போகும் வழியைப் பார்த்திருப்பதே பெரும்பகுதி ஆட்டம். சில எந்திரங்கள் பரிசாகப் பணமும் வழங்கின. ஆகவே அரசினர் இதைச் சூதாட்டக் கருவியாகக் கருதினர்.

நியூயார்க் மேயர் ஃபியரெல்லோ லா கார்டியா, பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக் காசை இந்த எந்திரங்கள் பறிக்கின்றன என்று குற்றஞ்சாட்டினார். 1942 ஜனவரியில் அந்நகரில் தடை நடைமுறைக்கு வந்தது. காவலர்கள் ஆயிரக்கணக்கான எந்திரங்களைக் கைப்பற்றினர். மேயரே சம்மட்டியால் எந்திரங்களை உடைத்து நொறுக்கினார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலும், எந்திரங்கள் பிறந்த சிகாகோவிலும்கூடத் தடை இருந்தது.

1947-இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' எந்திரத்தில் ஹாரி மேப்ஸ் முதன்முதலாகப் பிளிப்பர்களைப் பொருத்தினார். அதில் மூன்று இணைகளாக ஆறு பிளிப்பர்கள் இருந்தன. மறு ஆண்டே ஸ்டீவ் கோர்டெக் அவற்றை இரண்டாகக் குறைத்துப் பலகையின் அடிப்பகுதியில் அமைத்தார். அன்றுமுதல் குண்டின் போக்கு ஆடுபவரின் கைக்கு வந்தது. எனினும் சட்டம் உடனே மாறவில்லை. 1976-இல் நியூயார்க் நகர்மன்றக் குழுவின் முன் ரோஜர் ஷார்ப் என்ற இளம் எழுத்தாளர் ஆடிக் காட்டினார். குண்டு நடுப்பாதை வழியே செல்லும் என்று முன்கூட்டியே கூறி, தண்டை இழுத்துவிட்டார். சொன்னபடியே குண்டு சென்றது. இது திறமை விளையாட்டு என்பதைக் குழு ஏற்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த தடை அவ்வாண்டில் நீங்கியது.

உச்சமும் வீழ்ச்சியும்

1970-களின் பிற்பகுதியில் நுண்செயலிகள் பின்பாலுக்குள் வந்தன. அதே வேளையில் 1978-இல் ஜப்பானிலிருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற காணொளி விளையாட்டு வெளிவந்தது. அதற்குப் பராமரிப்பு குறைவு. தேய்ந்து போகும் ரப்பர் வளையங்களோ எரிந்து போகும் சுருள்களோ இல்லை. கடைக்காரர்கள் பின்பாலை ஓரங்கட்டத் தொடங்கினர்.

இருந்தாலும் 1990-களின் தொடக்கத்தில் பின்பால் மீண்டும் தழைத்தது. பாட் லாலர் வடிவமைப்பில் 1992-இல் பாலி பெயரில் வெளியான 'ஆடம்ஸ் ஃபேமிலி' 20,270 எந்திரங்கள் விற்றது. அதன்பின் சரிவு விரைவாக வந்தது. வீடுகளில் காணொளி விளையாட்டுக் கருவிகள் பெருகின. காட்லீப் பெயரில் நடந்த உற்பத்தி 1996-இல் நின்றது. 1999 அக்டோபரில் வில்லியம்ஸ் நிறுவனமும் பின்பாலைக் கைவிட்டு, சூதாட்ட விடுதிகளுக்கான எந்திரங்களில் முழுக்கவனம் செலுத்தியது. கேரி ஸ்டெர்ன் நடத்திய ஸ்டெர்ன் பின்பால் மட்டுமே பல ஆண்டுகள் குறிப்பிடத்தக்க உற்பத்தியாளராக எஞ்சி நின்றது.

வீட்டுக்குள் போன எந்திரம்

கடைகளும் விளையாட்டுக் கூடங்களும் கழித்துக்கட்டிய பழைய எந்திரங்களைத் தனிநபர்கள் வாங்கத் தொடங்கினர். இளமையில் நாணயம் போட்டு ஆடியவர்கள், நடுத்தர வயதில் கையில் பணம் சேர்ந்ததும் அதே எந்திரத்தை வீட்டின் அடித்தளத்தில் நிறுத்தி மகிழ்ந்தனர். 2008-ஆம் ஆண்டளவில் ஒரு புதிய எந்திரத்தின் விலை சுமார் 5,000 டாலர். அப்போதே புதிய எந்திரங்களில் ஏறத்தாழ பாதி நேராக வீடுகளுக்குச் சென்றன.

இது பின்பால் வரலாற்றின் பெரிய திருப்பம். அதுவரை எந்திரத்தை வாங்கியவர் நாணயப் பெட்டியில் சேரும் காசைக் கணக்கிட்டு வாங்கினார். போட்ட முதல் திரும்பாத விலையை அவர் கொடுக்கமாட்டார். வீட்டுக்கு வாங்குபவருக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆசையும் வசதியுமே அவரது அளவுகோல். விலைக்கு இருந்த இயற்கையான கடிவாளம் இவ்வாறு தளர்ந்தது.

2011-இல் ஜாக் குவார்னியேரி ஜெர்சி ஜாக் பின்பால் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் எந்திரமான 'விசார்ட் ஆஃப் ஆஸ்', 26 அங்குல வண்ணத் திரையுடன் 2013-இல் வாங்குவோரைச் சென்றடைந்தது. பின்னர் விஸ்கான்சின் மாநிலத்தின் ஸ்பூக்கி பின்பால், பழைய புகழ்பெற்ற எந்திரங்களை மறுபடி தயாரிக்கும் சிகாகோ கேமிங், ஹியூஸ்டனின் பேரல்ஸ் ஆஃப் ஃபன் எனப் பல நிறுவனங்கள் களத்தில் இறங்கின. புதிய எந்திரமே வராது என்று அஞ்சிய காலம் போய், எதை வாங்குவது என்று திணறும் காலம் வந்தது.

திருவிழாக்கள்

சிகாகோ பகுதியில் நடைபெறும் பின்பால் எக்ஸ்போ 1985-இல் தொடங்கியது. டெக்சஸ் மாநிலத்தில் 2002-இல் தொடங்கிய டெக்சஸ் பின்பால் திருவிழா, டாலஸ் நகருக்கு அருகில் உள்ள ஃபிரிஸ்கோவில் மார்ச் மாதத்தில் நடைபெறுகிறது. அங்கே நூற்றுக்கணக்கான எந்திரங்கள் ஒரே கூடத்தில் வரிசையாக நிற்கும்.

இத்திருவிழாக்களின் நடைமுறை எளிது. நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே சென்றால், பிறகு நாணயம் தேவையில்லை. எந்த எந்திரத்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடலாம். எந்திரங்களில் பெரும்பாலானவை சேகரிப்பாளர்களுக்குச் சொந்தமானவை. அவர்கள் 115 கிலோ எடையுள்ள பெட்டியைக் கால் கழற்றி, வண்டியில் ஏற்றி, பல மணி நேரம் ஓட்டி வந்து, அறிமுகமில்லாதவர் ஆடுவதற்காக நிறுத்துகிறார்கள். இடையில் கம்பி அறுந்தாலோ வளையம் தேய்ந்தாலோ கண்ணாடியைக் கழற்றி அங்கேயே பழுது பார்க்கிறார்கள். வடிவமைப்பாளர்களின் உரைகள், போட்டிகள், உதிரிப்பாகக் கடைகள் ஆகியவையும் உண்டு.

நிறுவனங்களின் அரங்குகளில்தான் கூட்டம் மிகுதி. புதிய எந்திரத்தின் முன் நீண்ட வரிசை நிற்கும். ஓர் ஆட்டம் முடிந்ததும் ஆடியவர் விலகி, மறுபடி ஆட விரும்பினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அந்த வரிசையில் நிற்கும் பலரும் எந்திரத்தை வாங்கப் போகிறவர்கள் அல்லர்.

விலை ஏறிய விதம்

2010-களில் ஸ்டெர்ன் நிறுவனம் ஒரே ஆட்டத்தை மூன்று படிகளாக விற்கும் முறையை நிலைநிறுத்தியது. அடிப்படையானது 'புரோ'. கூடுதல் பொறிகள் உள்ளது 'பிரீமியம்'. எண்ணிக்கை வரையறுத்து, வரிசை எண் பொறித்துத் தருவது 'லிமிடெட் எடிஷன்'. 2023-இல் வெளிவந்த 'ஃபூ ஃபைட்டர்ஸ்' எந்திரத்தின் விலை முறையே 6,999, 9,699, 12,999 டாலர். அடிப்படை விலையே இந்திய மதிப்பில் ஐந்தரை இலட்சம் ரூபாயைத் தாண்டும். 'ஜேம்ஸ் பாண்ட்' படங்களின் அறுபதாம் ஆண்டை ஒட்டி 500 மட்டுமே செய்யப்பட்ட ஒரு சிறப்பு எந்திரம் ஏறத்தாழ 20,000 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. ஜெர்சி ஜாக் நிறுவனத்தின் 'கன்ஸ் அண்ட் ரோசஸ்' உயர்படி எந்திரம் 2020-இல் 12,500 டாலராக இருந்தது. 2022-இன் 'டாய் ஸ்டோரி 4' உயர்படி எந்திரம் 15,000 டாலரை எட்டியது.

காரணங்கள் பல. திரைப்படங்களையும் இசைக்குழுக்களையும் கருவாகக் கொள்ளும்போது உரிமைத்தொகை செலுத்த வேண்டும். எஃகு, மரப்பலகை, மின்னணுச் சில்லுகள், சரக்குக் கட்டணம் ஆகியவை கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் விலையேறின. வீட்டில் அடைபட்ட மக்கள் வீட்டு விளையாட்டுக்குச் செலவு செய்ததால் தேவையும் கூடியது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2008-இன் 5,000 டாலர், அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி 2023-இல் ஏறத்தாழ 7,000 டாலருக்குச் சமம். அதாவது அடிப்படை எந்திரத்தின் விலை பொதுவான விலைவாசியோடு சேர்ந்தே ஏறியிருக்கிறது. அதைவிட விரைந்து உயர்ந்தது மேல்படி மட்டுமே. 'பிரீமியம்', 'லிமிடெட் எடிஷன்' இரண்டிலும் ஆட்டம் பெரும்பாலும் ஒன்றே. கூடுதல் பணம் ஓவியத்திற்கும் அழகுப் பூச்சுக்கும் வரிசை எண்ணுக்கும் போகிறது. 1931-இலும் 1992-இலும் எத்தனை ஆயிரம் விற்றது என்பது ஓர் எந்திரத்தின் பெருமை. இன்று 500 மட்டுமே உள்ளது என்பது பெருமையாகிவிட்டது.

1931-இன் 17.50 டாலர் 2023-இல் ஏறத்தாழ 350 டாலருக்குச் சமம். மேசைமேல் வைத்த அந்தச் சிறு பெட்டியையும் 3,500 உறுப்புகள் கொண்ட இன்றைய எந்திரத்தையும் நேராக ஒப்பிடுவது முறையன்று. ஆனால் கடைக்காரரின் கணக்கை ஒப்பிடலாம். இன்று பொது இடங்களில் ஓர் ஆட்டத்திற்குப் பெரும்பாலும் ஒரு டாலர் வாங்கப்படுகிறது. அடிப்படை எந்திரத்தின் விலையை மீட்க 7,000 ஆட்டங்கள் வேண்டும். எந்திரத்தை வைத்தவரும் இடம் கொடுத்தவரும் வருவாயைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டால் 14,000 ஆட்டங்கள். நாளொன்றுக்கு 20 ஆட்டங்கள் நடக்கின்றன என்று வைத்துக்கொண்டால் 700 நாட்கள், அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். இதில் பழுதுச்செலவு சேரவில்லை. 1,750 எங்கே, 14,000 எங்கே! பொது இடங்களில் பின்பால் அருகிப் போனதன் விளக்கம் இந்த இரு எண்களிலேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

ஆடுபவர் இல்லாத ஆட்டம்

விலை உயர்வை எல்லோரும் ஒரே விதமாகப் பார்ப்பதில்லை. செல்வர்கள் மேல்படி எந்திரங்களுக்குக் கொடுக்கும் பணமே சிறு நிறுவனங்களையும் தொழிலாளர்களையும் வடிவமைப்பாளர்களையும் தாங்குகிறது என்பது ஒரு கருத்து. 1999-இல் ஏறத்தாழ அழிந்த தொழில் இன்று உயிரோடிருப்பதே அவர்களால்தான் என்பதில் உண்மை உண்டு. ஆனால் வீட்டு அறையில் நிற்கும் எந்திரத்தை அவ்வீட்டாரும் நண்பர்களும் மட்டுமே ஆட முடியும். இந்த ஆட்டத்தைக் காணாமலே வளரும் பிள்ளை நாற்பது வயதில் எந்த நினைவை எண்ணி எந்திரம் வாங்கும்? இன்றைய சேகரிப்பாளர்கள் அன்று ஒரு நாணயத்தோடு வரிசையில் நின்ற சிறுவர்கள் என்பதை மறக்க இயலாது.

திருவிழாவின் இன்றியமையாமை இங்கேதான் தெரிகிறது. கூடத்தின் ஒரு பக்கம் 12,999 டாலர் எந்திரத்திற்கு முன்பதிவு நடக்கிறது. மறுபக்கம், உயரம் போதாத ஒரு சிறுமி முக்காலிமேல் ஏறி நின்று, யாரோ ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய எந்திரத்தை ஆடுகிறாள். ஞாயிறு மாலை விழா முடிந்ததும் எந்திரங்களின் கால்கள் கழற்றப்பட்டு, அவை போர்வை சுற்றி வண்டிகளில் ஏற்றப்படும். அதுவரை யாரும் காசு கேட்பதில்லை.